பல் போன இடத்தில் இம்பிளான்ட்: பீடோங் வட்டாரத்தில் முதன்முறை யோசிப்பவர்களுக்கு

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பல்வலி என்றால் ஒரே வழிதான் தெரியும். வலி தாங்கும் வரை கிராம்பு, தாங்காவிட்டால் அரசாங்க கிளினிக், அங்கே பிடுங்கல், அப்புறம் இரண்டு நாள் உப்புத் தண்ணீர். பின்னால் இருக்கிற பல்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவோம். பத்து வருடம் கழித்து மற்றப் பக்கப் பல்லும் ஆட ஆரம்பித்த பிறகுதான் இம்பிளான்ட் பற்றி விசாரிப்போம்.

நான் ஒரு பல் கிளினிக்கில் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங்கிலிருந்தும் செமிலிங்கிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் வருகிறவர்கள் முதலில் கேட்பது விலையை. விலை முக்கியம்தான். ஆனால் இம்பிளான்ட் நிலைக்குமா, விழுமா என்பது பெரும்பாலும் அதை வைப்பதற்கு முந்திய மாதங்களிலும், வைத்த பிறகு வரும் வருடங்களிலும் முடிவாகிறது. அதனால் இதில் அறுவை நாளைப் பற்றிக் கொஞ்சமாகவும் மற்றதைப் பற்றி நிறையவும் எழுதியிருக்கிறேன்.

எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள்

இம்பிளான்ட் என்பது தாடை எலும்புக்குள் இறக்கும் ஒரு டைட்டானியத் திருகு. போன பல்லின் வேருக்கு அது ஈடு. அதன் மேல் அபட்மென்ட் என்ற இணைப்புத் துண்டு வரும். அதற்கும் மேலே, வெளியே பல்லாகத் தெரிவது கிரவுன். மூன்றும் சேர்ந்தால்தான் கடிக்க முடிகிற ஒரு பல். விளம்பரத்தில் மலிவாக ஒரு தொகை போட்டிருந்தால், அது திருகுக்கு மட்டுமா, மூன்றுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள்.

ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவ ஆராய்ச்சியாளர் பெர் இங்வார் பிரோனெமார்க் 1950களில் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க முயலின் காலில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1965இல் மனிதருக்கு முதன்முதலாகத் தாடையில் வைத்தார். இன்றும் அதே வேலைதான் நடக்கிறது. எலும்பு திருகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழ்த்தாடையில் அதற்குச் சுமார் 3 மாதம் ஆகும். மேல்தாடை எலும்பு மென்மையானது என்பதால் 4 முதல் 6 மாதம் வரை ஆகலாம். மகள் கல்யாணம் அடுத்த மாதம், அதற்குள் முடித்துத் தாருங்கள் என்று வருகிறவர்களுக்கு நாங்கள் தற்காலிகப் பல்தான் ஏற்பாடு செய்ய முடியும்.

பல்லைப் பிடுங்கும் முன்பே சொல்லுங்கள்

இதை மட்டும் எல்லோர் காதிலும் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பல் போனதும் அதைத் தாங்கிய எலும்பு கரையத் தொடங்கும். முதல் ஒரு வருடத்திலேயே அந்த இடத்து எலும்பின் அகலம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துவிடலாம். அதிலும் பெரும்பகுதி முதல் சில மாதங்களில் போகிறது. அகலம் இல்லாத இடத்தில் திருகு நிற்காது. அப்போது எலும்பு ஒட்டு, அதாவது குறைந்த எலும்பை ஈடுகட்ட நிரப்பும் தூள், தேவைப்படும். மேல் கடைவாயில் என்றால், அதற்கு மேலே இருக்கும் சைனஸ் என்ற காற்றறையின் தரையைத் தூக்கி ஒட்டு வைக்க வேண்டி வரலாம். செலவும் கூடும், மாதங்களும் கூடும்.

ஆகவே பல்லைக் காப்பாற்ற முடியாது, பிடுங்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொன்னால், அந்த நாற்காலியிலேயே கேளுங்கள்: "பிறகு இம்பிளான்ட் வைக்க நினைக்கிறேன், அதற்கு இப்போது ஏதாவது செய்ய வேண்டுமா?" சில இடங்களில் பிடுங்கிய குழியிலேயே ஒட்டுத் தூளை நிரப்பி எலும்பைக் காப்பார்கள். சில நேரம் அதே நாளில் திருகையும் வைத்துவிடலாம். அதை முடிவு செய்வது டாக்டர். ஆனால் நீங்கள் கேட்டால்தான் அந்தப் பேச்சே எழும்.

பல் போய்ப் பல வருடம் ஆனவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். கோன் பீம் சிடி ஸ்கேன் என்று ஒன்று எடுப்பார்கள். எலும்பின் உயரம், அகலம், கீழ்த்தாடை நரம்பு ஓடும் இடம் எல்லாம் அதில் தெரியும். கடைவாயில் இம்பிளான்ட் வைக்கும் முன் இந்த ஸ்கேனைக் கேட்டு வாங்குவது நல்லது. சாதாரண எக்ஸ்ரே எலும்பின் அகலத்தைக் காட்டாது.

எலும்பு ஒட்டு பற்றி இன்னொன்று. அந்தத் தூள் பல வகை. மாட்டு எலும்பிலிருந்து செய்தது நிறையப் புழக்கத்தில் இருக்கிறது. மேலே மூடும் சவ்வு சில வகைகளில் பன்றியிலிருந்து எடுத்தது. மாடு ஆகாது என்கிற நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை யாரும் தானாகச் சொல்வதில்லை. செயற்கைத் தூளும் இருக்கிறது. என்ன பொருள் வைக்கப்போகிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். எந்த நல்ல டாக்டரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சர்க்கரை, புகை, வெற்றிலை

இனிப்பு நீர் இருப்பவர்களுக்கு இம்பிளான்ட் கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரைதான் பிரச்சினை. புண் ஆறாது, தொற்று பிடிக்கும், திருகோடு எலும்பு சேராது. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 7க்குப் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலான டாக்டர்கள் தயங்குவதில்லை. 8ஐத் தாண்டினால் பலர் முதலில் சர்க்கரையை இறக்கிவிட்டு வரச் சொல்வார்கள். அதைச் சாக்கு என்று நினைக்காதீர்கள்.

சர்க்கரை இருக்கிறதா என்றே தெரியாதவர்களும் உண்டு. 40 வயதோ அதற்கு மேலோ ஆகி, அரசாங்கத்தின் ரஹ்மா ரொக்க உதவி பெறும் குடும்பமாக இருந்தால், பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாக உடல் பரிசோதனை செய்துகொள்ளலாம். திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் கிளினிக்கிலேயே நடக்கும். பல்லுக்காகச் செலவு செய்ய உட்காரும் முன் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.

புகை பிடிப்பவர்களுக்கு இம்பிளான்ட் தோற்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. அறுவைக்கு முன்னும் பின்னும் சில வாரமாவது நிறுத்தச் சொல்வார்கள். முழுவதும் நிறுத்தினால் பல்லோடு சேர்ந்து நுரையீரலுக்கும் நல்லது.

வெற்றிலை பாக்கு நம் தோட்டங்களில் பாட்டிகள் தலைமுறையிலிருந்து வருகிற பழக்கம். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்படுவதற்கு அது ஒரு பெரிய காரணம். நீண்ட காலம் பாக்கு மென்றவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் இறுகி, வாய் முழுதாகத் திறக்காமல் போகும். வாய் திறக்காவிட்டால் டிரில் உள்ளே போகாது, இம்பிளான்ட் வைக்கவும் முடியாது. அதைவிடப் பெரிய கவலை புற்றுநோய். வாயில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண் எதுவாக இருந்தாலும், இம்பிளான்ட் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள்.

மருந்துப் பையை அப்படியே கையில் எடுத்து வாருங்கள். "பிரஷர் மாத்திரை, வெள்ளையாக இருக்கும்" என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. இரண்டு வகை மருந்தை மட்டும் மறக்காமல் சொல்ல வேண்டும். ஒன்று ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்றவை. இவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். இன்னொன்று எலும்பு தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை விழுங்கும் அலென்ட்ரோனேட் மாத்திரை அல்லது சில மாதங்களுக்கு ஒரு முறை, வருடத்துக்கு ஒரு முறை போடும் ஊசி. இவை தாடை எலும்பு ஆறுவதைப் பாதிக்கக்கூடியவை. எலும்பு தேய்மானத்துக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துச் சொல்லாமல் விடுகிறவர்கள் பலர். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்களும் அதைச் சொல்லியாக வேண்டும்.

ஈறு நோயும் சொத்தையும் உள்ள வாயில் எடுத்தவுடன் இம்பிளான்ட் வைப்பது பணத்தை வீணாக்குவது. முதலில் பற்காரையை எடுக்கும் ஸ்கேலிங், அப்புறம் சொத்தையை அடைக்கும் ஃபில்லிங். இதற்கு அரசாங்கப் பல் கிளினிக் போதும். பீடோங் பக்கத்தில் இருப்பவர்களுக்கு செமிலிங் சாலையில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பிரிவும் எட்டும் தூரம்தான். மாணவர்கள் விரிவுரையாளர் மேற்பார்வையில் பார்ப்பதால் நேரம் அதிகம் எடுக்கும். ஆனால் பொறுமையாகப் பார்ப்பார்கள்.

இம்பிளான்ட்தான் வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டியதில்லை. கடைசிக் கடைவாய்ப் பல் மட்டும் போயிருந்தால் சும்மா விட்டாலும் பாதகமில்லாத நேரங்கள் உண்டு. பக்கத்துப் பற்கள் இரண்டும் ஏற்கெனவே பெரிய ஃபில்லிங்கோடு இருந்தால் அவற்றைச் செதுக்கி, அவை தாங்கும்படி பிரிட்ஜ் என்ற இணைந்த பல் வரிசை போடலாம். மூன்று பல் பிரிட்ஜ் பெரும்பாலும் இம்பிளான்ட்டைவிட மலிவாக வரும், சில வாரத்தில் முடிந்துவிடும். பக்கத்துப் பற்கள் சொத்தையே இல்லாமல் நன்றாக இருந்தால், அவற்றைச் செதுக்குவதைவிட இம்பிளான்ட் மேல் என்பது என் கருத்து. பல பற்கள் போயிருந்தால் கழற்றி மாட்டும் பொய்ப்பல் செட். அரசாங்கக் கிளினிக்கிலும் செய்து தருகிறார்கள். கட்டணம் மிகக் குறைவு, ஆனால் காத்திருக்க வேண்டும்.

கீழ்த்தாடையில் ஒரு பல்கூட இல்லாத பெரியவர்கள்தான் என் மனதில் நிற்பவர்கள். மேல் செட் அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். கீழ் செட் நாக்கு அசைந்தாலே எழும்பும். சாப்பிடும்போது கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிட்டு, குழைந்த சோறும் ரசமுமாகக் காலத்தை ஓட்டுவார்கள். கல்யாண வீட்டுக்குப் போகவே கூச்சப்படுவார்கள். இவர்களுக்கு வாய் முழுக்க இம்பிளான்ட் தேவையில்லை. கீழ்த்தாடையின் முன்பக்கம் இரண்டே இரண்டு திருகு வைத்து, செட்டின் அடியில் பட்டன் போல் ஒரு பிடிப்பு வைத்தால் போதும். செட் "டிக்" என்று மாட்டிக்கொள்ளும், இரவில் கழற்றிக் கழுவலாம். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு இதைத்தான் முதல் தேர்வாகப் பரிந்துரைத்தார்கள். தாடையின் முன்பக்கத்தில் பொதுவாக எலும்பும் மிச்சம் இருக்கும். பிள்ளைகள் சேர்ந்து அம்மாவுக்கு ஏதாவது செய்ய நினைத்தால் தங்கச் சங்கிலியைவிட இதைத்தான் நான் சொல்வேன்.

யாரிடம் செய்வது

மலேசியாவில் பல் மருத்துவர் யாராக இருந்தாலும் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும், ஒவ்வொரு வருடமும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பியூட்டி சலூனிலும் வீட்டு அறையிலும் பிரேசஸ், வெனீர் ஒட்டுகிறவர்களை நம்பிப் போகாதீர்கள். 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டத்தின்படி தகுதி இல்லாமல் பல் மருத்துவம் செய்தால் 300,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ ஆறாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் அவர் சிறைக்குப் போவதால் உங்கள் பல் திரும்பி வராது.

பயிற்சி பெற்ற பொதுப் பல் மருத்துவரும் இம்பிளான்ட் வைக்கலாம். எலும்பு நிறைய இருக்கும் ஒற்றைப் பல்லுக்கு அது போதும். எலும்பு குறைவு, சைனஸ் வேலை, பல பற்கள் என்றால் நிபுணரிடம் போவது நல்லது. அரசாங்க மருத்துவமனையில் நிபுணர்கள் இருக்கிறார்கள், ஆனால் விபத்து, கட்டி அறுவை போன்ற தேவை உள்ளவர்களுக்குத்தான் முன்னுரிமை. சாதாரணமாகப் பல் போனவர்களுக்குத் தனியார்தான் வழி. சுங்கைப் பட்டாணியில் கிடைக்காத வேலைக்குப் பினாங்கு ஒரு மணி நேரத் தூரம்.

விலையும் காகிதமும்

தனியாரில் ஒரு பல்லுக்குத் திருகு, அபட்மென்ட், கிரவுன் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 5,000 முதல் 12,000 வெள்ளி வரை சொல்கிறார்கள். எலும்பு ஒட்டு தனி. ஓர் அத்தை இதைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, ஒரு பல்லு விலைக்கு ஒரு மோட்டார் வாங்கிடலாம் போலிருக்கே" என்றார். உண்மைதான் அத்தை. அதனால்தான் எழுத்தில் வாங்கச் சொல்கிறேன்.

எழுத்துச் சீட்டில் இவை இருக்க வேண்டும்: ஸ்கேன் கட்டணம், ஒட்டு தேவைப்பட்டால் எவ்வளவு, திருகின் பிராண்டு, கிரவுன் எந்தப் பொருள், மொத்தத் தொகை, எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு கட்ட வேண்டும், திருகு எலும்போடு சேராமல் விழுந்தால் மறுபடி வைக்கக் காசா இலவசமா. கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்க மறக்கிறார்கள்.

மெடிக்கல் கார்டு என்ற மருத்துவக் காப்புறுதி பொதுவாக இதற்குப் பணம் தராது. வேலையிடத்து விபத்தில் பல் போயிருந்தால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். வருமான வரி கட்டுகிறவர்கள் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 2024 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து பல் சிகிச்சைக்கு 1,000 வெள்ளி வரை வரிக் கழிவு உண்டு. ரசீது பதிவு பெற்ற பல் மருத்துவரிடமிருந்து வந்ததாக இருக்க வேண்டும்.

சென்னைக்குப் போகும்போது முடித்துக்கொள்ளலாமா, தாய்லாந்தின் ஹட்யாயில் மலிவாமே என்றும் கேட்கிறார்கள். அங்கேயும் திறமையான டாக்டர்கள் உண்டு. இடைஞ்சல் என்னவென்றால் இது ஒரே பயணத்தில் முடிகிற வேலை இல்லை. திருகு ஒரு பயணம், கிரவுன் சில மாதம் கழித்து இன்னொரு பயணம். நடுவில் வீங்கினால் இங்கே யார் பார்ப்பது? மூன்றே நாளில் வாய் முழுக்கப் பல் என்கிற விளம்பரங்களைப் பார்த்து அவசரப்படாதீர்கள். உங்கள் எலும்புக்கு அது ஒத்துவருமா என்று ஸ்கேனோடு இங்கே ஒரு டாக்டரிடம் முதலில் கேளுங்கள்.

அறுவை நாள்

வெறும் வயிற்றோடு வர வேண்டாம். மரப்பு ஊசிதான் போடுவார்கள், பசியாறிவிட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். மயக்கம் கொடுப்பதாக இருந்தால் மட்டும் டாக்டர் வேறு மாதிரி சொல்லுவார். ஒரு பல்லுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். டிரில் ஓடும்போது தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். எலும்பு 47 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒரு நிமிடம் சூடானாலே சேதமாகும் என்பதால் அப்படி. வலி இருக்காது, அதிர்வும் அழுத்தமும் தெரியும். பல் பிடுங்கியதைவிட இது லேசாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. மோட்டாரில் தனியாகப் போகாமல், கூட ஒருவரை அழைத்து வாருங்கள்.

முதல் நாள் கன்னத்துக்கு வெளியே ஐஸ் ஒத்தடம். அன்று கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது. மறுநாளிலிருந்து இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் மெதுவாக. ஆறிய கஞ்சி, இட்லி, மசித்த சோறு. சம்பல் ஒரு வாரத்துக்கு வேண்டாம். இரண்டு, மூன்று நாள் வீக்கம் இருப்பது சகஜம். மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறினாலோ, காய்ச்சல், சீழ், நிற்காத ரத்தம் இருந்தாலோ உடனே போன் செய்யுங்கள். மரப்பு ஊசியின் நேரம் முடிந்த பிறகும் கீழுதடு மரத்தே இருந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். திருகு நரம்பை அழுத்தினால் அப்படி ஆகலாம், சீக்கிரம் எடுத்தால்தான் சரியாகும் வாய்ப்பு அதிகம். பால் மரம் வெட்டுகிறவர்களும் செம்பனைக் குலை தூக்குகிறவர்களும் சில நாளாவது விடுப்பு எடுங்கள். கனம் தூக்கினால் ரத்தம் கசியும்.

கிரவுனும் அதற்குப் பின்னும்

மாதங்கள் கழிந்து திருகு இறுகிவிட்டது என்று டாக்டர் சோதித்த பிறகு அளவு எடுத்து கிரவுன் போடுவார்கள். சிமெண்ட் வைத்து ஒட்டுவது, திருகி மாட்டுவது என்று இரண்டு முறை. இடம் அனுமதித்தால் திருகி மாட்டுவதைக் கேளுங்கள். பின்னால் கழற்றிச் சுத்தம் செய்வது சுலபம். ஒட்டும்போது ஈறுக்குள் தங்கிவிடும் சிமெண்ட் சில நேரம் தொற்றுக்குக் காரணமாகிறது.

இம்பிளான்ட்டுக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழுகலாம். பெரும்பாலும் வலிக்காது, அதுதான் ஆபத்து. துலக்கும்போது ரத்தம், ஈறு சிவப்பு, வாயில் கெட்ட சுவை என்றால் காத்திருக்காதீர்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடத்துக்குப் பிறகும் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் நிலைத்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பல்லிடுக்கு பிரஷ் தினமும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிளினிக். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை போல் ஒரு சவ்வு உண்டு, இதற்கு இல்லை. எவ்வளவு பலமாகக் கடிக்கிறோம் என்று தெரியாமல் தீபாவளி முறுக்கைக் கடித்துக் கிரவுனின் போர்சலினை உடைத்துக்கொள்ளாதீர்கள். இரவில் பல்லைக் கடிப்பவர்கள் அதைச் சொன்னால் மவுத்கார்ட் செய்து தருவார்கள்.

கிரவுன் லேசாக ஆடினால் இம்பிளான்ட் போய்விட்டது என்று பதற வேண்டாம். உள்ளே இருக்கும் சின்ன ஸ்குரு தளர்ந்திருக்கும். அந்தப் பக்கம் மெல்லாமல் சில நாளுக்குள் வந்தால் இறுக்கிவிடலாம். அப்படியே மென்றுகொண்டிருந்தால் ஸ்குரு முறியும், முறிந்ததை எடுப்பது பெரிய பாடு.

வேலை முடிந்ததும் இம்பிளான்ட் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பிராண்டு, அளவு, லாட் எண், வைத்த தேதி அதில் இருக்கும். ஓஸ்டெம், ஸ்ட்ராமன், நோபெல் என்று ஒவ்வொரு பிராண்டுக்கும் ஸ்குருவும் கருவியும் வேறு. டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டாலோ, நீங்கள் மகனோடு ஜொகூருக்குக் குடிபோனாலோ, அங்குள்ள டாக்டருக்கு அந்த அட்டை இல்லாமல் எந்த ஸ்குரு டிரைவரை எடுப்பது என்றே தெரியாது. அடையாளக் கார்டு வைக்கும் உறையிலேயே அதையும் வையுங்கள், கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள்.